மிதிச்சுப் பார்க்காத பிரேக்

அந்த வெள்ளைக் காரா கண்ணு? எங்களுதுதான். முன்பக்கம் ஒடுங்கியிருக்கறதைத்தானே பாத்துட்டு வர்றே? எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. உக்காரு, உக்காரு. மணி அடிக்காம உள்ள விடமாட்டாங்க. இப்பத்தான் குளிக்க வெச்சுத் துணி மாத்திட்டிருப்பாங்க. நீ யாரைப் பாக்க வந்தே? ஓ, இடம் பாக்க வந்தியா. மாமியாருக்கா? சரி, சரி. நல்ல இடந்தான். சுத்தமா வெச்சிருக்காங்க. சாம்பார்ல உப்பு மட்டும் கம்மி.

என்ற வீட்டுக்காரர் இங்கதான் இருக்கறாரு. மழைக்கு முன்னாடி கொண்டாந்து விட்டேன். பக்கவாதம். வலது பக்கம் பூராப் போச்சு, பேச்சும் போச்சு. இடது கையும் இடது காலும் நல்லா இருக்குது. அது போதும்னு சொல்றாங்க. எதுக்குப் போதும்னு யாரும் சொல்றதில்லை.

அந்த ஒடுக்கைக் கேட்டியே. நான் பண்ணினதுதான். வண்டிக்கு பிரேக் பேடு நானே மாத்தினேன். சிரிக்காதே. நெசமாத்தான் சொல்றேன், என்ற கையால. அதுக்கு முன்னாடி ஒரு ஆணி அடிச்சவ இல்லை நான். காலண்டர் மாட்டறதுன்னாக்கூட அவரு வந்துதான் மாட்டணும்.

அவரு கணபதியில ஒரு பம்ப் பட்டறையில ஃபோர்மேனா இருந்தவரு. வண்டி ரிப்பேருக்கு ஒரு நாளும் வெளி ஆளுகிட்ட விட்டதில்லை. ஞாயித்துக்கிழமையானா வண்டிக்கடியிலதான். ரெண்டு காலு மட்டும் வெளிய தெரியும். அந்தக் காலுகிட்ட நான் காப்பியைக் கொண்டு போய் வெச்சுட்டு வருவேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் போனா டம்ளர் காலியா இருக்கும். எங்க பேச்சு அவ்வளவுதான். சண்டையெல்லாம் இல்லை. எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தாரு, அதைச் சொல்லணும். ஆனா பானட்டைத் திறந்துட்டா, "நீ அக்கட்ட போ"ம்பாரு. நானும் போயிருவேன்.

சித்திரை பொறந்து நாலஞ்சு நாள்ல, பல்லு விளக்கிட்டிருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரி, ஊசி, எல்லாம் ஆச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்ன அன்னைக்கு, டாக்டர்கிட்ட நான் கேட்டேன், நாங்க பேசறது இவருக்குப் புரியுமாங்கன்னு. "கேக்குது. எவ்வளவு புரியுதுன்னு இப்ப சொல்ல முடியாது, போகப் போகப் பாக்கலாம்"ன்னாரு. அதை என்ற நாத்தனாரு ருக்குமணி, வெளிய வந்ததும் "அண்ணனுக்கு ஒண்ணும் புரியாதாம்"னு ஆக்கிப்போட்டா. நானும் அப்படியே வெச்சுக்கிட்டேன். அது சுலபமா இருந்துச்சு.

புரியாதுன்னு ஆயிட்டா அப்புறம் என்ன கண்ணு? கூடத்துல டிவி இருக்குது. அதுக்குக் காது இருக்குன்னு நெனச்சு யாராவது சத்தத்தைக் குறைச்சுப் பேசுவாங்களா? அவரு பக்கத்துல கட்டில்ல கெடப்பாரு, நான் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெங்காயம் உரிப்பேன். பையன் கனடாவுல இருக்கறான், திருக்குமரன். அவன் அங்கிருந்து, "அம்மா, இது இப்படியே எத்தனை வருஷம்மா"ம்பான். ருக்குமணி வருவா. கட்டில் காலடியிலயே உக்காந்துட்டு, "அண்ணி, அண்ணன் போயிட்டாலே புண்ணியந்தான்"ம்பா. நான் "ஆமா"ம்பேன். காப்பி குடிக்கிறயான்னு கேட்டா ஆமாம்போமே, அந்த மாதிரிதான்.

நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. புண்ணு வர விடலை. அவரு எனக்கு ரெண்டு மடங்கு. ஒரு நாள் பாத்ரூம்ல அவரைத் தூக்கி நிறுத்தறப்ப வழுக்கி, ரெண்டு பேரும் விழுந்துட்டோம். என்ற மணிக்கட்டு அவருக்கடியில. உடைஞ்சது சத்தமே கேட்டுச்சு. எதிர் வீட்டு கனகவல்லிக்கு நான் கூப்பிட்டது கேக்கற வரைக்கும் அப்படியே கெடந்தோம். தண்ணி சொட்டிட்டிருந்துச்சு. அவரு என்ற மூஞ்சியையே பாத்துட்டிருந்தாரு. வேற எங்கயும் பாக்க இடமில்லை, என்ன பண்ணுவாரு பாவம்.

அப்பறந்தான் திருக்குமரன் போன்லயே தேடி இந்த இடத்தைக் கண்டுபிடிச்சான். பேசி முடிச்சாச்சு. அந்தப் பேச்சும் கூடத்துலதான், ஸ்பீக்கர்லதான். இவிங்களே வேன் அனுப்பறோம்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தனை ஞாயித்துக்கிழமை அடியில படுத்துப் பாத்த வண்டி. அதுலயே போகட்டும்னு தோணுச்சு.

வண்டி அவரு விழுந்ததுலருந்து போர்ட்டிகோவுலயே நின்னுச்சு. கனகவல்லி வீட்டுக்காரர் புது பேட்டரி போட்டுக் குடுத்தாரு. தெருக்கோடி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். பிரேக்கை மிதிச்சா கறகறன்னு ஒரு சத்தம், அம்மிக்கல்லு மேல இரும்பை இழுத்த மாதிரி. அவரு பேடு வாங்கி வெச்சிருந்தது எனக்குத் தெரியும். போர்ட்டிகோ அலமாரியில புதுப் பெட்டி பிரிக்காமலே இருந்துச்சு. மாத்தறதுக்குள்ளதான் விழுந்துட்டாரு. ஒர்க்ஷாப்புல கேட்டா, ஆயுதபூஜை லீவு, ஆளுங்க ஊருக்குப் போயிட்டாங்க, வந்தப்பறம் பாக்கலாம்னாங்க. இங்க வர்ற நாளோ குறிச்சாச்சு. சரி, நாமே மாத்துவோம்னு தோணிப்போச்சு. தைரியமெல்லாம் இல்லை கண்ணு. பயம் வந்தாத்தானே தைரியம் வேணும்? அந்த மாசத்துல எனக்கு எதுவும் வரலை. பசிகூட வரலை, நேரம் பாத்து சாப்பிட்டுக்குவேன்.

போன்ல வீடியோ இருக்குதே. தமிழ்லயே ஒரு தம்பி நல்லா வெளக்கிச் சொல்றான். திரும்பத் திரும்பப் பாத்தேன். டயரைத் திருப்பி மாட்டி, ஜாக்கியை எறக்கறான் பாரு, அதோட நிறுத்திருவேன். டயரு மாட்டியாச்சு, முடிஞ்சுபோச்சு, அதுக்கு மேல என்ன இருக்கப்போகுது, விளம்பரந்தான் வரும்னு நிறுத்திருவேன். அதுக்கு மேலதான் இருந்துச்சு.

இங்க வர்ற அன்னைக்குக் காலையில அவருக்கு இட்லியைப் பிசைஞ்சு ஊட்டி, சவரம் பண்ணி விட்டேன். வெளிய போறாரில்ல. சக்கர நாற்காலியை போர்ட்டிகோவுல ஒரு ஓரமா நிறுத்தி, கனகவல்லி கை குடுக்க, அதுல உக்கார வெச்சுட்டு வேலையை ஆரம்பிச்சேன். பின் டயருக்கு ரெண்டு கல்லை அண்டக் குடுத்தேன். நட்டு அசையவே மாட்டேங்குது. கையில பலமில்லை, அப்பத்தான் மாவுக்கட்டுப் பிரிச்சிருந்துச்சு. ஸ்பேனரை மாட்டிட்டு, அதும்மேல ஏறி நின்னுட்டேன். புடவையைத் தூக்கிச் சொருகிட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. மடக்குன்னு ஒரு சத்தம், நட்டு விட்டுக் குடுத்துச்சு. கீழ விழப்போனேன். அவரு பாத்துட்டே இருந்தாரு.

ஜாக்கி வெச்சுத் தூக்கி, டயரைக் கழட்டி, அதையே வண்டிக்கடியில தள்ளி வெச்சேன். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதும்மேல உக்காந்துக்கும்னு அந்தத் தம்பி சொல்லியிருந்தான். உள்ள பாத்தா ஒரு தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு இரும்பு. கீழ ஒரு போல்ட்டைக் கழட்டினா அந்தக் கவ்வி மேல தூக்கிக்கும். பழைய பேடு கையோட வந்துச்சு. குளிச்சுக் குளிச்சுக் கடைசியில சோப்பு ஒரு சில்லு நிக்குமே, அத்தனைதான் இருந்துச்சு. ஒரு பக்கம் வெறும் இரும்பு.

புதுசு கனமா இருக்கறதால உள்ள போகாது. கவ்விக்குள்ள உருண்டையா ஒரு பிஸ்டன் இருக்குது, அதை உள்ள தள்ளி இடம் பண்ணணும். அதுக்கு அவருகிட்ட ஒரு சி கிளாம்ப் இருந்துச்சு. அதை மாட்டி முறுக்க முறுக்க, நோகாம, மெள்ள மெள்ள உள்ள போகுது. எனக்கு அது மட்டும் பிடிச்சிருந்துச்சு கண்ணு. ஒரு வேலை நாம சொன்னபடி கேக்குதே, அந்த மாதிரி. புது பேடை வெச்சு, கவ்வியை எறக்கி, போல்ட்டை முறுக்கினேன். அந்தப் பக்கத்து டயருக்கும் அதேமாதிரி. ரெண்டாவது சீக்கிரமே ஆயிருச்சு. கையெல்லாம் கரி. மணிக்கட்டு வீங்கிக்கிச்சு. வண்டியை எறக்கி, நட்டை இறுக்கி, அண்டக் குடுத்த கல்லை எடுத்துட்டு நிமுந்து பாத்தேன். முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் அவரு காலைத் தட்ட ஆரம்பிச்சாரு.

இடது காலு. நாற்காலியோட மிதிபலகையில தட்டறாரு, டக், டக், டக்குன்னு. எனக்கு அதுக்கு ஒரே அர்த்தந்தான் தெரியும். ஒண்ணுக்கு வந்தா அப்படித்தான் தட்டுவாரு. கைகழுவிட்டு வந்து கேனை வெச்சேன். தள்ளிவிட்டாரு. திரும்ப வெச்சேன், திரும்பத் தள்ளிவிட்டாரு, கேனு உருண்டு செடிகிட்டப் போயிருச்சு. "நேரங்காலம் தெரியாம படுத்தாதீங்க"ன்னு சத்தம் போட்டேன். அவரு தட்டறதை நிறுத்தலை. வாயில ஆ, ஆன்னு சத்தம் வருது. எங்கயோ கொண்டு போறோம்னு மாடுகூடக் கண்டுபிடிச்சிரும், அதான் அடம்பிடிக்கிறாருன்னு நெனச்சேன். பாரு, மாடு அளவுக்குப் புரியும்னு அப்பவே எனக்குத் தோணியிருக்குது.

கனகவல்லி வந்து ஒரு பக்கம் பிடிச்சா. முன் சீட்டுல உக்கார வெச்சோம். அவரு துணிமணிப் பையைப் பின்சீட்டுல வெச்சேன். அவ "பாத்துப் போயிட்டு வாங்கக்கா"ன்னு சொல்லிட்டு, அடுப்புல பாலு இருக்குன்னு ஓடிட்டா. நான் வண்டியை எடுக்கறேன், அவரு என்ற புடவைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கறாரு. பிடுங்கி இடுப்புல சொருகிட்டேன். கீழ காலு அப்பவும் தட்டிட்டேதான் இருக்குது. இப்ப நாற்காலிப் பலகை இல்லை, வண்டித் தரை. டொப், டொப்புன்னு.

எங்க போர்ட்டிகோ மேடு, தெரு பள்ளம். அவரு எப்பவும் பின்னால விட்டுத்தான் நிறுத்துவாரு, நானும் அப்படியேதான் விட்டிருந்தேன், அதனால மூஞ்சி தெருவைப் பாத்து நிக்கும். ஹேண்ட் பிரேக்கை எடுத்து விட்டேன். வண்டி தானா எறங்குச்சு. கேட்டைத் தாண்டறப்ப பிரேக்கை மிதிச்சேன். காலு அப்படியே தரைக்குப் போயிருச்சு. ஒண்ணுமே இல்லை கண்ணு, தண்ணிக்குள்ள காலை விட்ட மாதிரி. வண்டி போகுது. எதிர்ல கனகவல்லி வீட்டு காம்பவுண்டுச் சுவரு வருது. மிதிச்ச காலை எடுக்கணும்னுகூட எனக்குத் தோணலை. தோணினதைச் சொல்லட்டுமா? சரி, வரட்டும்னு தோணுச்சு. அவ்வளவுதான். சுவரு வருது, வரட்டும்.

அவரு சாஞ்சாரு. வலது பக்கம் பிடிமானம் இல்லாத ஆளு, மரம் சாயற மாதிரி என்ற மேல சாஞ்சு, இடது கையைக் குறுக்க நீட்டி ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்தாரு. கிரீச்சுன்னு பின் டயரு தேஞ்சு, சுவத்துல மொத்தி நின்னுச்சு. அந்த ஒடுக்கு அதுதான். இழுக்காம இருந்தா என்னாயிருக்கும்னு தெரியலை. கனகவல்லி கரண்டியோட ஓடி வந்தா. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை"ன்னு கை காட்டினேன்.

அவரு தலை என்ற மடியில கெடந்துச்சு. தூக்கி உக்கார வைக்க எனக்குப் பலமில்லை. அப்படிக் கெடந்தபடியே அவரு என்ற முழங்காலு மேல கையை வெச்சு அமுக்கினாரு. விட்டாரு. அமுக்கினாரு, விட்டாரு. என்னன்னு எனக்கு வெளங்கலை. திரும்ப அமுக்கறாரு. அப்பறந்தான் என்ற காலைத் தூக்கி பிரேக்கை மிதிச்சேன். தரைக்குப் போச்சு. அவரு திரும்ப அமுக்கினாரு, நான் திரும்ப மிதிச்சேன். கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அப்பறம் கல்லு மாதிரி நின்னுச்சு. அவரு கையை எடுத்துட்டாரு.

நான் உள்ள தள்ளின பிஸ்டன் இருக்குதே, அது உள்ளயேதான் நின்னிருக்குது. வேலை முடிஞ்சதும் வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி பிரேக்கை நாலு மிதி மிதிச்சாத்தான் அது வெளிய வந்து பேடைத் தொடும். அந்தத் தம்பியும் கடைசியில அதைத்தான் சொல்லியிருக்கறான், அப்பறமாப் பாத்தேன். இவரும் அதைத்தான் சொல்லிட்டிருந்திருக்காரு, அத்தனை நேரமா, காலால. மிதி, மிதி, மிதின்னு. நான் கேனைக் கொண்டு போய் வெச்சிருக்கறேன்.

கனகவல்லியும் நானுமாத் தூக்கி உக்கார வெச்சோம். அவ போனதும், நான் கேட்டேன். "ஏனுங்க, நான் பேசறது உங்களுக்குப் புரியுதுங்களா?"

தலையை ஆட்டினாரு. ஒரு தடவை, அழுத்தமா.

"மொதல்ல இருந்தேவா?"

ஆட்டினாரு.

"எல்லாமேவா?"

அதுக்கு ஆட்டலை. அந்தச் சுவத்தைப் பாத்துட்டே இருந்தாரு. அதுல செம்பருத்திச் செடி ஒண்ணு சாஞ்சிருக்கும், அதைப் பாத்தாரோ என்னவோ.

நீ என்னைக் கேப்பே, அப்ப உனக்கு என்ன தோணுச்சுன்னு. அழுகை வந்திருக்கும்னு நெனப்பே. வரலை. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்தா காலு மரத்துப்போகுமே, கிள்ளினா வேற யாரு காலையோ கிள்ளற மாதிரி இருக்குமே, அப்படி இருந்துச்சு. அவரு என்னென்ன கேட்டிருப்பாருன்னு நெனச்சுப் பாக்கலாம்னு பாத்தேன். ருக்குமணி சொன்னது, திருக்குமரன் சொன்னது, நான் ஆமான்னது. நெனப்பு ஒரு எட்டு போயிட்டு நின்னுருது. பை பின்சீட்டுல இருக்குது. இங்க சொல்லி வெச்சாச்சு, மதியத்துக்குள்ள வந்துருவோம்னு. அதனால போனோம்.

வழியெல்லாம் அவரு பிரேக்கையே கவனிச்சுட்டு வந்தாரு. வேகத்தடை வந்தா காதைக் குடுத்துக் கேக்கறாரு. தடாகம் ரோட்டு சிக்னல்ல வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாம நின்னுச்சு. அப்ப இடது கையால தொடையை ஒரு தட்டு தட்டினாரு. நல்லாப் பிடிக்குதுன்னு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்ற வேலையைப் பாத்து அவரு நல்லாருக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான். அதுவும் இங்க வர்ற வழியில.

இந்தக் கேட்டுக்குள்ள வந்து, அதோ அந்த வேப்பமரத்தடியிலதான் நிறுத்தினேன். இஞ்சினை அணைச்சுட்டு அவரைப் பாத்துக் கேட்டேன். கேக்கணுமில்ல? புரியாதுன்னு நெனச்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். புரியுதுன்னு தெரிஞ்சப்பறம் எப்படிக் கேக்காம இருக்கறது? "ஏனுங்க, இங்க இருந்துக்கறீங்களா, இல்ல வீட்டுக்கே திரும்பிப் போயிரலாமா?"

அவரு என்ற மணிக்கட்டைப் பாத்தாரு. ஸ்டியரிங்கு மேல வெச்சிருந்தேன், நல்லா வீங்கி மொழுமொழுன்னு இருந்துச்சு. அதையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் அந்தப் பக்கம் திரும்பி, இடது கையால கதவைத் திறந்தாரு.

அவரே திறந்தாரு கண்ணு. நான் திறக்கலை. திருக்குமரன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன், அப்பாவே கதவைத் திறந்து எறங்கினாருடான்னு. ருக்குமணிகிட்டயும் சொன்னேன். கனகவல்லிகிட்டயும். யாரு கேட்டாலும் சொல்றேன். அவரு முடிவு அது. அந்தக் காலத்துல இருந்தே அவரு எடுக்கறதுதான் முடிவு.

இங்க பாத்துக்கற பொண்ணு பிலோமினா கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், இவருக்கு எல்லாம் புரியும், இவரு முன்னாடி பாத்துப் பேசுங்கன்னு. நான் வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றேன். இப்ப நெறையப் பேசறோம் தெரியுமா? நாந்தான் பேசறது. வண்டியில இப்படி ஒரு சத்தம் வருது, எந்த எண்ணெய் ஊத்தறது, டயரை மாத்திப் போடட்டுமான்னு கேப்பேன். ஆமா, இல்லைன்னு தலையை ஆட்டுவாரு. வண்டியைப் பத்தி மட்டுந்தான் கேக்கறது. வீட்டுக்கு வர்றீங்களான்னு கேக்கறதில்லை. ஆமான்னு ஆட்டிட்டாருன்னா?

எனக்கு வேலை ஒண்ணும் இல்லை வீட்டுல. நல்லாத் தூங்கறேன். கையும் சரியாயிருச்சு. பாரு, மடக்கி நீட்டறேன், வலியே இல்லை. இப்பன்னா அவரைத் தூக்கிருவேன்னு நெனக்கறேன்.

உன்ற மாமியாரை இங்க கொண்டாந்து விடு, தப்பில்லை. நல்லாப் பாத்துக்குவாங்க. ஆனா ஒண்ணு. கேக்கறதா இருந்தா வீட்டுல வெச்சே கேட்டுரு. இந்த மரத்தடி வரைக்கும் கூட்டிட்டு வந்து, பின்சீட்டுல பையையும் வெச்சுக்கிட்டுக் கேட்டா, அப்பறம் மனுஷங்க கதவைத் திறக்காம வேற என்ன பண்ணுவாங்க?

மணி அடிச்சுட்டாங்க. அதோ, பிலோமினா தள்ளிட்டு வர்றா பாரு. நீலச் சட்டை போட்டுக்கிட்டு, அவருதான். வந்தா வணக்கம் சொல்லு, சந்தோசப்படுவாரு. போதும் கண்ணு, இந்தப் பேச்சை இதோட விட்டுரலாம். அவருக்குக் கேக்கும்.